அம்மாளுக்கு வைத்த அரிசி

இஞ்சின் திருத்தும் கோபிசங்கர் சாவகச்சேரியில் பஸ் ஏறி அந்த இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. பரவைக்கடல் ஓர் அலைகூட இல்லாமல் கிடந்தது. கடல் நடுவே நடுத்திட்டித் தீவிலுள்ள அம்மன் கோயிலில் அன்றைக்குப் பொங்கல். சனத்தை ஏற்றிப்போக நடராசா முதலாளியின் இஞ்சின் படகான லோஞ்ச் ஒன்றுதான் உண்டு. ஒரு வருடம் ஓடாமல் கிடந்த அதற்குள் தண்ணீர் ஊறியிருந்தது.

"சின்ன வேலைதான் தம்பி," என்றார் நடராசா. "விசிறியைச் சுத்துற சாஃப்ட் வெளியிலை போற இடத்தாலை ஒழுகுது. ஒரு சொட்டும் விழாமல் இறுக்கி விடும். அம்மாளின்ரை பொங்கல் அரிசி நனையக்கூடாது."

"சொட்டு விழத்தான் வேணும் முதலாளி. அந்தத் தண்ணிதான் சாஃப்டைக் குளிர வைக்கும். ஒட்ட இறுக்கினா சுத்தியிருக்கிற பக்கிங் கயிறு எரிஞ்சு, பிறகு கடலே உள்ளுக்கு வரும்."

"போன வருசம் செத்தவனும் இதைத்தான் சொன்னவன்," என்று சொல்லிவிட்டு அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

செத்தவன் அருட்செல்வன், இந்த லோஞ்சின் இஞ்சின்காரன். சென்ற பொங்கலன்று நடுவழியில் தண்ணீர் ஏறியது. பரவைக்கடலில் இடுப்பளவு ஆழந்தான். சனமெல்லாம் குதித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு நடந்தது. இஞ்சின் அறைக்குள் இருந்த அவன் மட்டும் வரவில்லை. அறைக்கு ஒரே வழியை மூடும் பலகைமேல் அம்மாளுக்குரிய அரிசி மூட்டைகள் இருந்தன. ஆட்களின் கால் படாத உயரமான இடம் என்று அவற்றை அங்கேதான் வைப்பார்கள். வைத்த அரிசியைக் கோயிலுக்குப் போகுமுன் யாரும் தொடமாட்டார்கள்.

அன்றும் தொடவில்லை.

துறையடியில் அருட்செல்வனின் மனைவி தர்சினி நின்றாள். புருசனின் முதலாண்டு நினைவான ஆட்டைத்திவசம் இன்னும் கழியவில்லை, அவள் கோயிலுக்குப் போகக்கூடாது. இருந்தும் வந்து நின்றாள்.

"அண்ணை, உள்ளுக்கு இறங்கப் போறியளோ?"

"ஓம் தங்கச்சி."

"இடுப்பளவு தண்ணியிலை வெறிக்காரன்தான் சாவான் எண்டு ஊரே கதைக்குது. என்ரை பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலை வெறிக்காரன்ரை பிள்ளை எண்டுதான் கூப்பிடுகினம். அவர் குடிக்கிறேல்லை அண்ணை. உள்ளை ஏதும் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்கோ."

கோபிசங்கர் தலையாட்டினான்.

உள்ளே டீசலும் சேறும் மணத்தன. மூடிப்பலகையைத் திறந்து வைத்துவிட்டு, டோர்ச்சைப் பல்லில் கடித்தபடி பின்பக்கம் ஊர்ந்தான். பக்கிங்கை இறுக்கும் நட்டுகள் இரண்டும் இனி முறுக்க இடமில்லாத அளவுக்கு இறுக்கியிருந்தன. வேலை தெரிந்த எவனும் இப்படிச் செய்யமாட்டான். கழற்றியபோது பழைய பக்கிங் கரிக்கட்டியாக உதிர்ந்தது. அந்த இடைவெளியால் கடல் பீறிட்டது. கையிலிருந்த பழந்துணியைத் திணித்துவிட்டு, புதிய கயிற்றை எடுக்க வெளியே கை நீட்டத் திரும்பினான்.

மேலிருந்து விழுந்த வெயில் வெளிச்சம் போய்விட்டது.

மேலே பலகை விழுந்த சத்தம். பறைமேளம். லவுட்ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு. பிறகு தொம், தொம் என்று பாரமாக எவையோ இறங்கின. உள்ளே ஆள் இருப்பது நடராசாவுக்குத் தெரியும். பூசைக்கு நேரம் பிந்துகிறது என்பதும் தெரியும். அந்த இரண்டில் எது அவருக்குப் பெரிதாகப் பட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

"முதலாளி! ஆள் உள்ளை!"

பாட்டுத்தான் பதில் சொன்னது.

துணி பிடுங்கிக்கொண்டு வந்தது. டோர்ச் வாயிலிருந்து நழுவித் தண்ணீருக்குள் அணைந்தது. முழங்காலுக்கு ஏறியது தண்ணீர். ஸ்பானரால் பலகையில் ஓங்கித் தட்டினான். தட்டிவிட்டு மூச்சு வாங்கினான்.

தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அவனுக்குப் பக்கத்திலேயே, இஞ்சினுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரோ அதே பலகையில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாத தட்டு.

கோபிசங்கர் ஸ்பானரை இறக்கினான்.

தட்டு நின்றது. முகத்துக்கு நேரே ஈரமான ஒரு மூச்சு வந்தது. சேற்று மணம், எரிந்த கயிற்றின் மணம். சாராய வாடை துளியும் இல்லை.

"தட்டாதையுங்கோ அண்ணை," என்றது அது, மிக மெதுவாக. "அரிசி வைச்சிட்டினம்."

அவன் கத்தினான். குனிந்திருந்தவனுக்குத் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, பிறகு கழுத்துக்கு. கத்திக் கத்தி வாயில் உப்பு நிறைந்தபோது மேலே ஏதோ இழுபட்டது. பலகை விலகியது. வெயில் கண்ணில் அடித்தது.

தர்சினி நின்றாள். மூட்டையொன்று கிழிந்து அவள் மேலெல்லாம் அரிசி.

அவளும் இன்னும் இரண்டு பேரும் அவனை வெளியே தூக்கிப் போட்டார்கள். நடராசா தலையில் அடித்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டைத்திவசம் கழியாதவள் அம்மாளின்ரை அரிசியைத் தொட்டிட்டாளே! இனி இதைப் பொங்கேலுமோ?"

ஒரு மனிதன் கண்முன்னால் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தான். சனம் சிந்திய அரிசியைத்தான் பார்த்தது.

கோபிசங்கர் கரிந்த கயிற்றை எல்லோருக்கும் காட்டினான். ஒட்ட இறுக்கியது எவனென்று முதலாளியைக் கேளுங்கோ என்றான். "வெறியிலை அவனேதான் இறுக்கியிருப்பான்," என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். செத்தவன்மேல் போட்டால் எல்லோருக்கும் வசதி.

"அவர் குடிக்கேல்லை தங்கச்சி," என்றான் அவளிடம்.

"ஆர் சொன்னது?"

அவன் வாயைத் திறக்குமுன் பாட்டு முடிந்தது. துறை முழுக்க அமைதி.

கீழே, திறந்து கிடந்த அறைக்குள், நீர் நிறைந்த இருட்டில், யாரோ தட்டினார்கள்.

தர்சினி முழங்காலில் விழுந்து தளப்பலகையில் உள்ளங்கையை வைத்தாள். வேறெவரும் கிட்டப் போகவில்லை. "பாட்டைப் போடடா!" என்று நடராசா கத்தினார்.

தண்ணீரை இறைத்து, வேறொருவரைக் கொண்டு பக்கிங் போட்டு, பின்னேரமே லோஞ்ச் ஓடியது. புதிய அரிசி வந்தது. அதே பலகையில்தான் வைத்தார்கள்.

இப்போதும் ஓடுகிறது. ஏறினதிலிருந்து இறங்கும்வரை லவுட்ஸ்பீக்கர் ஓயாது. வெளியூர்ச் சனம் அதைப் பக்தி என்று நினைக்கிறது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்போது ஊர்ச்சனம், கீழிருந்து தட்டும் சத்தம் வரும் தளப்பலகையிலிருந்து தங்கள் கால்களை மட்டும் தூக்கிக்கொள்ளும்.