ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோன பேட்டரி

அந்தச் சலவை நிலையத்தில் எந்தச் சுவரிலும் எழுதப்படாத, ஆனால் எல்லோரும் மனப்பாடமாய் அறிந்திருந்த விதி ஒன்று உண்டு: எது கெட்டாலும், அது மாப்பிள்ளையால் கெட்டதாக இருக்கக் கூடாது. முதலாளியின் ஒரே மகளை அவர் மணந்த நாள்முதல், அவர் தொட்டவை யாவும் தாமாகவே கெட்டுப்போயின. வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் திரைச்சீலையை அவர் சேர்த்துப் போட்டபோது குற்றம் சாயத்தினுடையது. உலர்த்தும் இயந்திரத்தின் கதவை அவர் உதைத்துத் திறந்தபோது குற்றம் கதவினுடையது. மாற்றிச் சொன்ன இரண்டு மெக்கானிக்குகள் இப்போது வேறெங்கோ வேலை பார்த்தார்கள். மிச்சமிருந்த முப்பத்தெட்டுப் பேரும் வாயைத் திறக்குமுன் யோசிக்கக் கற்றிருந்தார்கள்.

புதன்கிழமை காலை, இரண்டு தெரு தள்ளியிருந்த கைப்பேசிப் பழுதுக்கடைக்கு அந்நிலையத்தின் இஸ்திரிக்கூட மேற்பார்வையாளரான அம்மாள் வந்து நின்றார். கடைக்காரியை ஊரே ‘லென்ஸ்’ என்றுதான் அழைத்தது. நெற்றியில் ஏற்றிவிட்ட உருப்பெருக்கிக் கண்ணாடியை அவள் சாப்பிடும்போதும் கழற்றுவதில்லை. பக்கத்தில் அவளுடைய கொழுந்தன் நின்றான். முப்பது வயது. எந்தப் பழுதுக்கும் முதல் நொடியிலேயே காரணம் கண்டுபிடித்துவிடும் அவசரக்காரன்.

“இதுல சார்ஜ் நிக்க மாட்டேங்குதும்மா,” என்று மேற்பார்வையாளர் ஒரு பழைய கைப்பேசியை மேசைமேல் வைத்தார். “நாலு மணிக்குள்ள ஏன்னு நிரூபிக்கலன்னா, பத்தொன்பது வருஷ வேலை போயிடும்.”

“உங்க போனா?”

“ஆஸ்பத்திரிக்காரங்க ஆர்டர் சொல்ற போன். மாப்பிள்ளை புதுசு வாங்கினப்போ பழசை ஆபீசுக்குக் குடுத்தாரு. திங்கக்கிழமை காலைல ஆஸ்பத்திரில இருந்து மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க. போன் செத்துக் கிடந்தது. விரிப்பு போகல. ரெண்டு ஆபரேஷன் தள்ளிப்போச்சு.”

“பஞ்சு, அண்ணி!” கொழுந்தன் துள்ளினான். “சலவைக்கூடத்து போன். சார்ஜ் ஓட்டைல பஞ்சு அடைச்சிருக்கும். கேஸ் முடிஞ்சுது.”

லென்ஸ் கண்ணாடியை இறக்கி, துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். “பஞ்சு உன் தலைக்குள்ள வேணா இருக்கும். இது பளிச்சுன்னு இருக்கு.”

“தினமும் பல்குச்சியால சுத்தம் பண்ணிடுவேன்மா,” என்றார் மேற்பார்வையாளர். பிறகு மடித்த தாளொன்றை நீட்டினார். “இதைத்தான் மாப்பிள்ளை நோட்டீஸ் போர்டுல ஒட்டி வச்சிருக்காரு.”

அது பேட்டரிக் கணக்குப் பக்கத்தின் படம்: முக்கோணம் பொறித்த ஒரு செயலியின் சின்னம், அருகே ‘9 மணி 12 நிமிடம்’ என்ற எழுத்து, அதற்குக் கீழே நேராக வெட்டப்பட்ட விளிம்பு. மேலே சிவப்பு மையில், ‘வேலை நேரத்தில் சீரியல்!’

“படம் பாக்கற ஆப் மாதிரிதான் இருக்கு,” என்று கொழுந்தன் தயங்கினான்.

“கீழ ஏன் வெட்டினாங்கன்னு கேக்க மாட்டியா? சனிக்கிழமை போனை என்னம்மா பண்ணுவீங்க?”

“ராத்திரி பகலா சார்ஜ்லயே கிடந்து ஆறு மணிக்கு நூறு காட்டும். கழட்டி டிராயர்ல வச்சுப் பூட்டிடுவேன். நோட்டுல ‘போன் 100’னு எழுதுவேன், வாட்ச்மேன் பாத்துக் கையெழுத்துப் போடுவாரு. ஞாயித்துக்கிழமை கட்டடமே பூட்டு. சாவி முதலாளிகிட்ட.”

“விளக்கு, வைஃபை எல்லாம்?”

“விளக்கு அணைச்சிடுவாங்க. காமிராவுக்காக வைஃபையை மட்டும் விட்டு வைப்பாங்க.”

லென்ஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. கைப்பேசியோடு வந்த சார்ஜரை எடுத்தாள். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத கறுப்புச் சார்ஜர். ஓரத்தில் சீப்பின் பற்களைப் போன்றதொரு சிறு சின்னம். அதையும் மாப்பிள்ளைதான் கொடுத்தாராம். நிலையத்தில் இருப்பதுபோலவே கைப்பேசியைக் கடை வைஃபையில் இணைத்துவிட்டு, அவள் அதைச் செருகினாள். நாற்பத்தொன்று எனக் காட்டிய கைப்பேசி, பத்து நிமிடம் மின்சாரத்தைக் குடித்துவிட்டு நாற்பதுக்கு இறங்கியது.

“செட்டிங்கையும் சேர்த்து மாத்திடலாமா அண்ணி?”

“ரெண்டை ஒண்ணா மாத்தினா எது குத்தவாளின்னு எப்படித் தெரியும்? உன்னை மாதிரி ஆளுங்கதான் பேட்டரியை மாத்து, போர்டை மாத்துன்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க.”

சார்ஜரை மட்டும் மாற்றினாள். பத்து நிமிடத்தில் நாற்பத்துமூன்று. ஏறியது, ஆனால் ஏற வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அமைப்புகளைத் திறந்து, ஒவ்வொரு நாளின் கணக்கையும் நிதானமாகப் புரட்டினாள். ஞாயிற்றுக்கிழமையில் விரல் நின்றது. மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.

“கிளம்பு. இதை நேர்ல சொன்னாத்தான் நல்லாயிருக்கும்.”

மூன்றரை மணிக்கு முதலாளியின் கண்ணாடி அறையில் எல்லோரும் கூடினார்கள். முதலாளி நாற்காலியில், கடிதங்களையும் ஆர்டர்களையும் கவனிக்கும் மகள் ஓரத்து மேசையில், காவலாளி கதவருகே. மாப்பிள்ளை மட்டும் நின்றுகொண்டிருந்தார். ஓவியம்போல் ஒதுக்கிய தாடி, புதிய கைப்பேசி, எதையும் கேளாமலே விளக்கத் தயாரான முகம்.

“டெக்னிக்கலா பாத்தா இது ஹியூமன் எரர் மாமா,” என்று தொடங்கினார். “ஒன்பது மணி நேரம் வீடியோ. டேட்டா பொய் சொல்லாது.”

“சொல்லாது,” என்றாள் லென்ஸ். “பாதியை வெட்டினா மட்டும் சொல்லும். நீங்க ஒட்டின படத்துக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு. திரையில பாத்தது பூஜ்யம் நிமிஷம். அந்த ஒன்பது மணி நேரமும் பின்னணியில ஓடினது. அதாவது, யாரும் பாக்காதப்போ அந்த ஆப் தானா உழைச்சிருக்கு. இந்தக் கட்டடத்துல அப்படி உழைக்கறது அது ஒண்ணுதான் போலிருக்கு.”

காவலாளி இருமலுக்குள் எதையோ மறைத்தார்.

“அது எந்த நாள்? ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமை நூறுன்னு நோட்டுல இருக்கு, வாட்ச்மேன் கையெழுத்தும் இருக்கு. கட்டடம் பூட்டு, போன் டிராயர்ல. இந்தம்மா சுவரைத் துளைச்சுக்கிட்டு வந்து சீரியல் பாத்தாங்கன்னு சொல்றீங்களா?”

“ஆப் தப்பா கணக்குக் காட்டியிருக்கும்,” என்றார் மாப்பிள்ளை.

“இது சீரியல் ஆப்பே இல்ல. எடுத்த வீடியோவை எல்லாம் சேமிச்சு வைக்கற ஆப். பழைய போனைக் குடுக்கறவங்க முதல்ல தன்னோட கணக்கை அதுலருந்து நீக்கணும். இதுல நீக்கல. அதனால புதுப் போன்ல எடுக்கற ஒவ்வொரு வீடியோவும் வைஃபை வழியா இங்கயும் வந்து இறங்குது. ஞாயித்துக்கிழமை மட்டும் இருபத்திரெண்டு.”

அவள் ஒன்றைத் தொட்டாள். குளியலறைக் கண்ணாடி முன், தோளில் துண்டோடு, மாப்பிள்ளை விரலை உயர்த்தினார். “வெற்றி என்பது ஒரு மனநிலை நண்பர்களே! தோல்வியாளர்கள் காரணம் தேடுகிறார்கள்...”

“அது பர்சனல்!”

“பர்சனலா? ஆஸ்பத்திரி ஆர்டர் எடுக்கற போன்ல உக்காந்திருக்கே!” லென்ஸ் அணைத்தாள். “திங்கக்கிழமை முழுக்க இந்தம்மா சார்ஜ் போட்டுத்தான் வச்சிருக்காங்க. அப்பவும் ஏறல. ஏன்? இந்தச் சார்ஜர் தாடி ஒதுக்கற மெஷினோடது. இதோ சின்னம், ட்ரிம்மரோட பல்லு. சொட்டுச் சொட்டாத்தான் குடுக்கும். போனோட வந்த நல்ல சார்ஜர் எங்கன்னு நான் கேக்கல.”

“அதோ, அவரு பைல தொங்குது!” என்று கொழுந்தன் வெற்றிக்களிப்போடு கூவினான். அன்று அவன் சரியாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். எல்லோருடைய பார்வையும் அந்த வெள்ளை வயருக்குப் போய், உடனே நாகரிகமாய்த் திரும்பிக்கொண்டது.

முதலாளி மேசையைத் தடவினார். “ஆக,” என்றார் கடைசியில், “தப்பு போன்மேல.”

“பழைய போனுங்க ஐயா,” என்றார் காவலாளி. “அப்படித்தான் இருக்கும்.”

“வைஃபையும் கொஞ்சம் ஸ்ட்ராங்கு,” என்றார் மாப்பிள்ளை பெருந்தன்மையோடு.

லென்ஸ் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். மூவர் சேர்ந்து ஒரு வைஃபையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை அவள் இதற்குமுன் கண்டதில்லை. கொழுந்தன் வாயைத் திறந்தான். அவன் காலை அவள் மிதித்தாள். வெளியாள் ஒருத்தி அந்தப் பெயரைச் சொன்னால், இவர்கள் கூடி அவளையும் ஒரு பழுதாக எண்ணித் துடைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“ஆனா ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆளைக் காட்டணுமே,” என்று முதலாளி பெருமூச்சு விட்டார். “யாரு பொறுப்புன்னு கேட்டு ரெண்டு தடவை எழுதிட்டாங்க. போன் பொறுப்புன்னு எழுத முடியுமா? நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்கம்மா. டிராயர் சாவியை மட்டும் வச்சுட்டுப் போங்க.”

மேற்பார்வையாளர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். வளையத்திலிருந்து அதைக் கழற்றுவதற்கு வெகுநேரம் ஆனது. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு விரிப்பைக்கூட அவர் கருக்கியதில்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். நான்கு பேர் தரையின் ஓடுகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் லென்ஸ் இல்லை, ஓரத்து மேசைக்காரியும் இல்லை.

மகள் எழுந்தாள். தந்தையின் மேசைமீதிருந்த தொலைபேசியை இழுத்து, மனப்பாடமாய்த் தெரிந்த எண்ணை அழுத்தினாள். பேச்சு அறை முழுவதும் கேட்கும்படி ஒலிபெருக்கிப் பொத்தானையும் அழுத்தினாள்.

“யாருக்கும்மா போன் போடற?” என்றார் முதலாளி.

“ஆஸ்பத்திரிக்கு. ஆளைக் காட்டணும்னீங்களே அப்பா.”

“ஏய், என்ன பண்ற நீ?” மாப்பிள்ளை ஓரடி முன்னால் வந்தார்.

மறுமுனையில் ஒரு பெண்குரல் வணக்கம் சொல்லிற்று.

“சலவை நிலையத்துல இருந்து பேசறேன்,” என்றாள் மகள். “திங்கக்கிழமை விரிப்பு வராததுக்கு யாரு பொறுப்புன்னு கேட்டிருந்தீங்க. எங்க மேற்பார்வையாளர் இல்ல. போன் இல்ல, வைஃபையும் இல்ல. என் புருஷன். ஆமா, என் புருஷன்தான். எழுத்துல வேணுமா? நீங்க எழுதிக்கோங்க, நான் நிதானமாச் சொல்றேன்.”