மேகத்துக்குள் ஒரு கயிறு

நைரி கயிற்றைச் சுண்டுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

மேகம் இறங்கிய பனியாற்றில் முன்னால் போகிறவள் இரண்டு முறை சுண்டிக் கேட்பாள். கடைசியில் வருகிறவன் இரண்டு முறை சுண்டி ‘நலம்’ என்பான். தெற்குத் தீவின் இந்த மலைகளுக்கு ஆட்களை அழைத்துவரத் தொடங்கிய நாளிலிருந்து அவள் விடாமல் வைத்திருந்த வழக்கம் அது. இன்று கையுறைக்குள் விரல்கள் மடங்கும்போதே அந்த இரண்டு சுண்டலும் இடுப்பில் வந்து தட்டின. கயிறு எங்காவது பனிமேட்டில் சிக்கி விடுபட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள்.

கயிற்றில் மூன்று பேர். அவளுக்குப் பின்னால் டெஸ்மண்ட், பல் மருத்துவர், முதல் முறையாகப் பனியில் நடப்பவர். கடைசியில் அவளுடைய சக வழிகாட்டி ஹேமிஷ். இன்னொரு வழிகாட்டி ரேவி வேறொரு குழுவைக் கூட்டிக்கொண்டு, வெகு கீழே, அவர்களுக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்தான்.

மேகம் முழங்காலைக்கூட மறைத்தது. பூட்ஸ் முட்கள் பனியை நறநறவென்று கடிக்கும் ஓசையும், எங்கோ ஆழத்தில் பனியாறு முனகும் ஓசையும், இரண்டுக்கும் நடுவே ஏதோ ஈரமாக இழுபடும் ஓசையும் கேட்டன. அந்தக் குளிரில் எந்த வாசனைக்கும் இடமில்லை. ஆனாலும் கழுவாத கசாப்புக் கடைத் தரையின் வாசம், வெதுவெதுப்பாக, பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தது.

“நைரி, கொஞ்சம் நில்லுங்க,” என்றார் டெஸ்மண்ட். “உங்க ஆளு பேச்சையே காணோம். நான் பனிப் பிளவுல விழுந்தா என்னோட மட்டன் பஃப் அவருக்குத்தான்னு காலையிலேருந்து உயிரை வாங்கினாரு.”

“ஹேமிஷ், என்னப்பா, தூங்கிட்டியா?”

“எல்லாம் சரிதான். போய்க்கிட்டே இரு.”

அவன் குரல்தான். ஆனால் ஹேமிஷ் ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னவனில்லை.

“பஃப் யாருக்குன்னு முடிவு பண்ணிட்டியா?”

“எல்லாம் சரிதான். போய்க்கிட்டே இரு.”

அதே ஏற்றம், அதே இறக்கம். நடுவில் மூச்சு வாங்கிய இடம்கூட அதேதான்.

நைரி பனியில் திருகாணியை இறக்கி, தன் கொக்கியை அதில் மாட்டினாள். கயிற்றைப் பிடித்து டெஸ்மண்டை அருகே வரவழைத்து, அவரையும் அதில் பூட்டினாள்.

“இங்கேயே உக்காருங்க. என்ன நடந்தாலும் கொக்கியைக் கழட்டாதீங்க.”

“என்ன நடக்கப் போவுது?”

அவள் ஹேமிஷ் பக்கத்துக் கயிற்றை இழுத்தாள். கயிறு வந்தது. கனமாகத்தான் வந்தது, ஆனால் ஒரு முழு ஆளின் கனம் இல்லை. முதலில் வந்த கயிறு நீலம். பிறகு அதே கயிறு சிவப்பாக வந்தது. பிறகு இடுப்பு வார், அவளே காலையில் இழுத்துப் பார்த்துச் சரி சொன்ன வார், பூட்டியபடியே வந்தது. அதற்குள் இடுப்பும் கால்களும் இருந்தன. இடுப்புக்கு மேலே ஒன்றுமில்லை. வெட்டு இல்லை. பிய்த்திருந்தது. ஆவி பறந்தது. மார்புப் பையில் அவன் வைத்திருந்த, குழுவின் ஒரே வாக்கி-டாக்கியும் மார்போடு போயிருந்தது.

“எல்லாம் சரிதான்,” என்றது மேகம், மிக அருகில்.

டெஸ்மண்ட் கொக்கியைக் கழற்றினார்.

“வேணாம். டெஸ்மண்ட், வேணாம்.”

அவள் அவருடைய சட்டையைப் பிடித்தாள். அவர் முழங்கை அவள் வாயில் இடித்தது. பல் உடைந்தது. அவர் ஓடினார்.

நான்கைந்து எட்டுதான். ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஓர் ஓசை. அலறல் உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. அறுந்தது.

அவருடைய ஹெல்மெட் உருண்டு வந்து அவள் பூட்ஸில் முட்டியது. காலியாக இல்லை.

வெள்ளைக்குள் ஒரு கறுப்பு எழுந்தது. அவள் பனிக்கோடரியை ஓங்கி இறக்கினாள். அது புதைந்தது. சதையில். மறுகணம் கோடரி பிடுங்கப்பட்டது. தோள் மூட்டு கழன்றது. கையுறை போயிற்று. கையுறையோடு இரண்டு விரல்களும்.

அவள் பனியில் விழுந்து காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

“கொஞ்சம் நில்லுங்க,” என்றது டெஸ்மண்டின் குரல், சரிவில் கீழே. இன்னும் கீழே போய், மறுபடி, “கொஞ்சம் நில்லுங்க.”

அது இறங்கிக்கொண்டிருந்தது.

காற்று வீசியது. மேகம் கிழிந்தது. வெகு கீழே, வெயிலில், ரேவியும் அவன் பின்னால் கயிற்றில் கோத்த ஏழெட்டுப் பேரும் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். அவர்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரே ஒரு மேகத்துண்டு. அது காற்றுக்கு நகரவில்லை.

நைரி கொக்கியைக் கழற்றப் பார்த்தாள். பூட்டு உறைந்திருந்தது. ஒற்றைக் கை. ரத்தம் வழுக்கியது.

“ரேவி, திரும்பிப் போ...” என்று கத்தினாள். உடைந்த வாயிலிருந்து காற்றும் ரத்தமும்தான் வந்தன.

மேகத்துண்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது. நிதானமான குரல், ஆட்களை நடத்திப் பழகிய குரல். அவளுடைய குரல்.

“ரேவி, இந்தப் பக்கம் கூட்டிட்டு வா. பாதை நல்லாயிருக்கு.”

ரேவி கையை உயர்த்தி ஆட்டினான். கயிறு மெதுவாகத் திரும்பியது. ஒருவர் பின் ஒருவராக அவர்கள் வெள்ளைக்குள் நுழைந்தார்கள். கடைசி ஆள் நின்று, பின்னால் கிடந்த மலைகளை ஒரு படம் எடுத்துக்கொண்டு, நுழைந்தார்.