மூணாவது விளி

"எலே ஜிஜினே, அவளுக்கு நீ போடுற ஊசி வைட்டமின் இல்லன்னு எப்பதான் சொல்லப் போறே?"

"மெதுவா பேசு சிபி. அவ உள்ள இருட்டறையிலயாக்கும்."

"கெட்டினவள சோதனை எலியாக்கினவன் நீ ஒருத்தன்தான் மக்கா."

"ரெண்டு மாசமாச்சு, அவளுக்கு ஒண்ணும் ஆவல்லியே. ரிசல்ட் வந்தா அவளும்தானே சந்தோசப்படுவா."

கதவுக்கு வெளிய ஜிஜினும் அவனுக்க கூட்டாளி சிபியும் பேசினது, உள்ள மைக்ராஸ்கோப்புக்கு முன்ன இருந்த அனுமோளுக்கு அப்படியே கேட்டுது. நேரம் பட்டப்பகல் மூணு மணி. பாறசாலை ஸ்டேஷன் பக்கத்துல மாடியில ரெண்டு ரூம் வாடகைக்கு எடுத்து, அவளும் புருஷன் ஜிஜினும் நடத்துற லேப். ஜன்னல் பூரா கறுப்புத் துணி அடிச்ச அந்த அறையில ஸ்பிரிட்டு வாசமும், ஏசி வெள்ளம் பக்கெட்டுல சொட்டுற சத்தமும், தூரத்துல வண்டி வாற அறிவிப்பும் எப்பவும் போலத்தான் இருந்துது.

வைட்டமின் இல்லன்னா அது லேப்புல உள்ள புரதம்தான்; அத உண்டாக்குறதே அவதான். உடம்புல புண்ணு வந்தா அங்கேருந்து வெள்ளணுவ விளிக்கிற புரதம். அதுல பச்சையா மின்னுற சாயத்த ஒட்டினா விளி எங்கேருந்து வருது, அணு எந்த வழியா போவுதுன்னு கண்ணால காணலாம். சோதிக்க புது ரத்தம் வேணும். திங்கக்கிழமைதோறும் அனு இடது கைய நீட்டுவா. எடுத்து முடிச்சதும், "க்ஷீணம் வராம இருக்க ஒரு வைட்டமின்"னு ஜிஜின் இன்னொரு ஊசி போடுவான். போட்ட இடத்துல ஊதியும் விடுவான். அந்த ஊதுனதுதான் இப்ப அவளுக்குத் தாங்கல்ல.

சாயம் மின்னுறத காண உள்ள மஞ்சக் கண்ணாடிய மாட்டினா. நீல டார்ச்ச இடது கை மேல அடிச்சா.

தோலுக்கு அடியில பச்சை. கடல்மணல் கணக்கா, பொடிப்பொடியா. சும்மா கெடக்குது.

"அனு." கதவுக்கு வெளிய ஜிஜின்.

பச்சை நெளிஞ்சுது. எல்லாஞ்சேந்து கதவுப் பக்கமா ஒரு விரக்கடை நவுந்துது.

அவளுக்க அம்மை பங்கஜாட்சி சொல்லுவா: வெளியேருந்து விளிச்சா உடனே விளி கேக்காதே, பதில் கொடுக்காதே. பேயி ரெண்டு தடவைதான் விளிக்கும். மூணாவது விளிச்சா மனுசனாக்கும், பயப்படாண்டாம்.

"மோளே, சாயா வந்தாச்சு." மறுபடியும் ஜிஜின்தான்.

பச்சை மணிக்கட்டு தாண்டியாச்சு. விரல்நுனி அஞ்சும் பச்சை. சூடு. உள்ளேருந்து தள்ளுது.

டார்ச்ச மேசையில வச்சு, வலது கையால வாயப் பொத்தினா. மூச்சு விடல்ல.

"அனு."

மூணு. மனுசன்தான்.

வாய் விளி கேக்கல்ல. கை கேட்டுது.

இடது கை தட்டி டார்ச் விழுந்துது. உருண்டுது. கதவுல வெளிச்சம் அடிச்சு நின்னுது. அவ பின்னால இழுக்கா. கை முன்னால போவுது. பச்சை விரல் அஞ்சும் கதவு பூட்டுற கொண்டியில. கொண்டி மெதுவா நீங்குது.

வாசிச்சவங்க ஒரு வரி எழுதுங்க. உங்கள ஏமாத்தினவங்க வாசல்ல நின்னு விளிச்சா, நீங்க இன்னும் விளி கேக்கிறதுண்டா?