இரட்டைச் சைக்கிளின் பின் இருக்கை

பழைய செங்கல் தொழிற்சாலைக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது ஞாயிறு பின்னேரம், நல்ல வெயில். சிட்னியில் நாங்கள் இருக்கும் மெரிலேண்ட்ஸில் இருந்து ஆற்றங்கரைப் பாதையால் வந்திருந்தோம். முன்னால் நான், பின்னால் என் கணவர் அருந்தவன். இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் அது. சர்க்கரை வியாதி அவருடைய பார்வையை முழுதாய்ப் பறித்தபின் நான் பிடிவாதமாக வாங்கியது. செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு வாழ்ந்த இஞ்சினியரை வீட்டுக் கதிரையில் இருத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கம்பளி ஆலை, மின்நிலையம், ரயில் பட்டறை என்று சிட்னியில் மூடிக்கிடப்பதையெல்லாம் தேடிப் போவோம். நான் பார்த்துச் சொல்லுவேன், அவர் தடவிப் பார்ப்பார். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று தன்னைத் தானே நக்கலடிப்பார்.

எங்களுக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. திரும்புமுன் "இடது", "வலது" என்று நான் சொல்லவேண்டும். அதைக் கேட்டுத்தான் அவர் உடம்பைச் சாய்ப்பார். ஏறி இருந்ததும் என் முதுகில் இரண்டு முறை தட்டுவார். பிறகுதான் நான் மிதிப்பேன்.

சூளை நீண்ட சுரங்கம்போல் இருந்தது. ஈர மண் மணத்தோடு புகை மணமும் வந்தது. நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்க, அவர் சுவரைத் தடவியபடி உள்ளே போனார்.

"சுவரை விட்டிடாதேங்கோ. பின்னுக்குக் களிமண் தோண்டின கிடங்கு, முழுக்கத் தண்ணி."

"சுவர் சுடுது, சுஜீ."

"வெயில் பட்டிருக்கும்."

சூளைக்குள் வெயில் எப்படி வரும் என்று நான் யோசிக்கவில்லை.

நான் சைக்கிளைப் பாதைப்பக்கம் திருப்பி முன்னால் ஏறிக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பின் இருக்கை அமுங்கியது. முதுகில் இரண்டு தட்டு.

மிதித்தேன்.

வழக்கமாக வாய் ஓயாத மனிசன், ஒன்றும் பேசவில்லை. கோபமாக்கும் என்று விட்டுவிட்டேன். வேலியோரமாகப் பாதை வளைந்தது. நான் வாய் திறக்கவில்லை. சைக்கிள் தானாகச் சாய்ந்தது.

அவருக்கு வளைவு தெரிந்திருக்கிறது.

அடுத்த வளைவில் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். "வலது."

சைக்கிள் இடப்பக்கம்தான் சாய்ந்தது. பாதையும் இடப்பக்கம்தான் போனது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவருக்குக் கண் தெரிகிறது. எப்போதிருந்து? சோற்றைக் கையில் எடுத்துக் கொடுத்தேனே, சட்டைப் பொத்தான் பூட்டிவிட்டேனே, அதையெல்லாம் பார்த்துக்கொண்டா இருந்தார்?

"கண் தெரியாத மாதிரி என்னைப் பேய்க்காட்டுறீங்களோ?"

மூச்சு மட்டும் என் பிடரியில் சூடாகப் பட்டது.

பிரேக்கை அழுத்தித் திரும்பினேன்.

பின் இருக்கையில் ஒருவரும் இல்லை.

சைக்கிளைத் திருப்ப முயன்றேன். ஆள் ஏறி இருக்கும் பாரம். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அருந்தவனைச் சூளைக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

சூளைக்குள் நுழைந்ததும் மறுபக்கமிருந்து ஒரு பெண் பேசுவது கேட்டது. மெல்லிய, அன்பான குரல்.

என் குரல்.

"வாங்கோ. இன்னும் கொஞ்சம். இஞ்ச மெசின் ஒண்டு இருக்கு, தடவிப் பாருங்கோ."

மறுவாசலுக்கு வெளியே, கிடங்கின் விளிம்பில் அவர் நின்றார். வலது கையை முன்னால் நீட்டியிருந்தார், யாரோ பிடித்திருப்பதுபோல.

"அசையாதேங்கோ," என்றேன். "நான் சுஜீவா."

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. அப்படியொரு பயத்தை அந்த முகத்தில் நான் கண்டதே இல்லை.

"ஆர் நீங்கள்? என்ர மனிசி இஞ்ச, என்ர கையப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

"அது நானில்லை."

"சுஜீ," அவர் வெறும் வெளியைப் பார்த்துக் கிசுகிசுத்தார். "ஆரோ உன்ர குரலில கதைக்கினம். என்னை விட்டிடாத."

அவர் கால் விளிம்பைத் தாண்டுமுன் இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தேன். இருவரும் செங்கற்குவியலில் விழுந்தோம். மண்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போனது. அவர் என்னை அடித்தார், பிராண்டினார். பிறகு கைகள் சோர்ந்து, சின்னப் பிள்ளைபோல் அழுதார். பயந்துபோனேன், ஆனாலும் ஆளை மீட்டுவிட்டேன் என்று நிம்மதியாகவும் இருந்தது. அவரை வாடகைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சைக்கிளை எடுக்க நான் போகவில்லை.

இன்று காலை, குசினி மேசையில் அவருக்கு இன்சுலின் போட்டுவிட்டு இடியப்பம் வைத்தேன். ஊசி போட்டால் அவர் சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மயங்கிவிடுவார்.

"இடியப்பமும் பருப்பும். ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."

அவர் தட்டைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்த வெறுங்கதிரையின் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"சுஜீ, இவ தாறதச் சாப்பிடலாமோ?"

கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டி, தட்டை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டார்.