பிடுங்கிப் போட்ட செடிகள்

"உனக்கு வயித்தெரிச்சல்னு தெரியும். அதுக்காக இப்படியா செய்வே?"

மாமியார் கேட்டது மூத்த மருமகளை. வாசலில் வேரோடு பிடுங்கிய செடிகள் குவிந்து கிடந்தன. அவள் நகக்கண்களில் இன்னும் மண். விடிவதற்குள் மேய்ச்சல் நிலத்துக்குப் போய், ஓரகத்தி பார்த்துக்கொண்ட பாதியிலிருந்து அத்தனையையும் பிடுங்கி வந்திருந்தாள். கதவோரம் சின்னவள் முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். அழும்போதும் அவள் அழகாக இருந்தது மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடு மாடு மேய்ந்து மொட்டையாகிப் போன நிலம் அது. மேய்ச்சலை நிறுத்திவிட்டு, மண்ணுக்குள் கிடக்கும் பழைய வேர்களைத் தாமாகத் துளிர்க்க விட்டால் கார்பன் கிரெடிட் என்று வருமானம் வரும் என்றார்கள் திட்டத்துக்காரர்கள். காற்றிலுள்ள கரியை மரங்கள் இழுத்து வைத்துக்கொள்வதற்கான கூலி. அதற்காகத் தாய் வீட்டிலிருந்து கூடவே வந்த பசுக்களை விற்றவள் மூத்தவள். நிலத்தை மருமகள்கள் ஆளுக்குப் பாதியாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பாராட்டு யாருக்கு? "சின்னவ பக்கம் எப்படிப் பசுமையா இருக்கு பாரு. உன் பக்கம் வெறும் முள்ளு." சாப்பிட உட்கார்ந்தால் மாமியாரின் இதே பேச்சு.

நேற்றுச் சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் வரப்பைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். செடிகளின் அடியில் நர்சரிப் பையின் கறுப்புக் கிழிசல்... வாங்கி வந்து நட்டவை! தானாக முளைத்தால்தான் கணக்கு. நட்ட செடி நின்றால் மொத்த நிலத்தையும் திட்டத்தை விட்டே தூக்கிவிடுவார்கள். இன்று சோதனைக்கு ஆள் வருகிறார்.

"இன்னிக்கே உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பு," என்றாள் மாமியார்.

மூத்தவள் உள்ளே போய்ப் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இந்த வீட்டில் சின்னவள் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

பையோடு வாசலுக்கு வந்தபோது சின்னவள் வழியை மறித்தாள்.

"அத்தை... அக்கா பண்ணது சரிதான். அதெல்லாம் நான் வாங்கிட்டு வந்து நட்டது. போன தடவை சோதனைக்கு வந்தவர், தானா முளைச்சதுன்னு அக்கா பக்கத்தையே சுத்திச் சுத்திப் படம் எடுத்தாரு. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குத் தாங்கல... திட்டமே கைவிட்டுப் போயிடும்னு தெரிஞ்சும் செஞ்சுட்டேன். வர்றவர்கிட்ட நானே சொல்லிடறேன்."

மாமியார் மூத்தவளிடம் திரும்பினாள். "ஏம்மா, இதை நீ சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருக்கலாம் அத்தை," என்றாள் மூத்தவள். "ஆனா நீங்க கேட்டதும் பொய்யில்ல. முதல் செடியை நிலத்துக்காகத்தான் பிடுங்கினேன். அப்புறம்... பிடுங்கப் பிடுங்க மனசு குளுந்துச்சு."

சின்னவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "அடப்பாவி அக்கா," என்று கட்டிக்கொண்டாள். பை நழுவிக் கீழே விழுந்ததை யாரும் எடுக்கவில்லை.

ஆள் வருவதற்குள் இருவரும் குழிகளை மூடப் போனார்கள். ஒரு குழியின் ஓரத்தில், பழைய வேர்க்கட்டையிலிருந்து சிவந்த துளிர் ஒன்று கிளம்பியிருந்தது. யாரும் நடாதது. நட்டதற்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சின்னவள் அதைக் கவனித்ததே இல்லை.

மூத்தவள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதை நல்லாப் பாத்துக்க," என்றாள். "என் பக்கத்துல இவ்வளவு திடமா ஒண்ணுகூட வரல."