மூன்று சைக்கிள், ஒரு பம்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் வைகுண்டராஜின் வீட்டு வாசலில் கூண்டுவண்டி நின்றபோது மைமூன் தயங்கித் தயங்கி இறங்கினாள். ராஜபாளையத்திலிருந்து வழி நெடுக ஒரே பயம் அவளைப் பிடித்து ஆட்டியிருந்தது. கழுத்தில் தாலியாகக் கிடக்கும் கருகமணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வைகுண்டராஜ் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணெதிரே கொலை நடந்தாலும் வாயிலிருக்கும் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பார் என்று ஊரில் கேலி செய்வார்கள். பக்கத்தில் அவருடைய சிஷ்யப்பிள்ளை, தந்தி ஆபீஸ் குமாஸ்தா செல்லக்கனி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மைமூன் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் கணவன் ஹமீது, அவன் அண்ணன் அசன் முகம்மது, பஞ்சு வியாபாரி சுப்புராஜ் மூவரும் இலங்கையைச் சைக்கிளிலேயே சுற்றிவரக் கப்பல் ஏறினார்கள். கொழும்பிலிருந்து வந்த கடிதத்தில் ஒரே கும்மாளம். கண்டிக்குப் பிறகு மழை, அட்டைக்கடி, நாளுக்கு நாலு பஞ்சர். யாரும் யாரையும் விட்டுப் போகக்கூடாதென்று சுமையைப் பங்கு போட்டிருந்தார்கள். துணிமணி அண்ணனிடம், சமையல் சட்டி சுப்புராஜிடம், இருந்த ஒரே காற்றடிக்கும் பம்பு ஹமீதின் சைக்கிளில். முந்தாநாள் இருவர் மட்டும் திரும்பி வந்தார்கள். நுவரெலியா இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஹமீது சைக்கிளோடு பாதாளத்தில் விழுந்துவிட்டானாம். இறங்கித் தேட வழியே இல்லையாம்.

"பள்ளிவாசல்ல மௌத்தானவுகளுக்கு ஓதுற பாத்திஹா ஓதணும்னு ஊர்ல சொன்னாக. அவுக அண்ணன், பெரிய மச்சான்தான் பொறுங்கன்னு தடுத்துட்டாக. அவிய முகத்தப் பார்க்கவே பயமா இருக்குய்யா. இவுகளே ஏதும் செஞ்சுட்டாகளோன்னு..."

செல்லக்கனி கொலைதான் என்று முடிவே கட்டிவிட்டான். வைகுண்டராஜ் அவனைக் கையமர்த்திவிட்டு, வண்டியை ராஜபாளையத்துக்குத் திருப்பச் சொன்னார்.

அசன் முகம்மதின் வீட்டு முற்றத்தில் இரண்டு சைக்கிள்களும் சேறு காய்ந்து நின்றன. சுப்புராஜையும் வரவழைத்தார்கள். மைமூன் கதவுக்குப் பின்னால் நின்றாள். வைகுண்டராஜ் அசனின் சைக்கிளைச் சுற்றிவந்து, குறுக்குத்தண்டில் கட்டியிருந்த பம்பைத் தொட்டார். பிடியில் பச்சைத் துணி சுற்றியிருந்தது. அது மைமூன் தன் கையால் சுற்றிக் கொடுத்த துணி.

"ஹமீது சைக்கிளோட விழுந்திருந்தா இதுவும் விழுந்திருக்கும்," என்றார் வைகுண்டராஜ். "பம்பு இல்லாம கொழும்புக்கு வர ஏலாது. அதனால நிதானமா அவிழ்த்து இதுல கட்டியிருக்கீக."

"அப்போ அடிச்சுத் தள்ளிட்டு..." என்று எழுந்தான் செல்லக்கனி.

"உட்காருப்பா. கொன்னவன் மொத ஆளா பாத்திஹா ஓதி விஷயத்த மூடியிருப்பான். இவரு ஓதவே விடலை. உசிரோட விட்டுட்டு வந்த தம்பிக்கு ஓத வாய் வரலை. எங்க விட்டீக, அசன்?"

அசன் முகம்மது நடந்ததைச் சொன்னார். ஹமீதுக்கு வைசூரி கண்டது. தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தாங்காது என்றார்கள். நோயாளியோடு இருந்தது தெரிந்தால் துறைமுகத்து நோய்க் கொட்டகையில் அடைத்துவிடுவார்கள், அங்கே போனவன் மீளமாட்டான் என்று இருவரும் நடுங்கினார்கள். ஹமீது தூங்கும்போது கிளம்பினார்கள்.

"செத்திருப்பான்னுதான் நெனச்சேன். தெரியாம எப்படிய்யா ஓதுவேன்?" என்றார் அசன்.

மைமூன் கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். தோட்டத்து டாக்டருக்குத் தந்தி கொடுக்கும்படி செல்லக்கனியைக் கேட்டுக்கொண்டாள். அன்று முழுவதும், மறுநாள் பகல் முழுவதும், தெருவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அவள் வாசலுக்கு ஓடினாள்.

மாலையில் வைகுண்டராஜும் செல்லக்கனியும் சேர்ந்தே வந்தார்கள். முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் செல்லக்கனி பதில் தந்தியைப் படித்தான்.

"அம்மை இறங்கிவிட்டது. ஹமீது பிழைத்தார். அண்ணனும் சுப்புராஜும் நோயில்லாமல் ஊர் சேர்ந்தார்களா என்று தினமும் கேட்கிறார்."

மைமூன் அந்தக் காகிதத்தை வாங்கினாள். அதை அசன் முகம்மதின் முன்னால் வைத்தாள்.

"பதிலை நீங்களே எழுதுங்க, பெரிய மச்சான்."