நடுவில் ஒரு புள்ளி

படத்தின் நடுவில் அந்த ஒரு புள்ளி மட்டும் ஊதிப் பெருத்திருந்தது.

வடகோடி நகரமான உமியோவில் டிசம்பர், மூன்றரைக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. வெப்பக்குழாய் கொடகொடவென்று இரைய, ஆறிப்போன காபியின் கசப்பும் ஈரக் கம்பளிக் கோட்டின் வாடையும் அறையில் தேங்கி நிற்க, இங்கெலா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அகதிகளை வெறுக்கும் இரண்டு கும்பல்களை ஒரு வருடமாக இணையத்தில் ஆராய்கிறாள். ஆள் ஒரு புள்ளி, பேச்சு ஒரு கோடு. யார் வழியாக மற்றவர்கள் ஒருவரையொருவர் எட்டுகிறார்களோ, அந்தப் புள்ளி பெரிதாகும்.

தட்டிப் பார்த்தாள். 'கருங்காகம்'. வேவு பார்க்க அவளே திறந்த போலிக் கணக்கு.

பக்கத்து மேசை தூர்பியோர்ன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அடடா, உன்னையே எண்ணிட்டியா? படம் போடறதுக்கு முன்னாடி நம்ம கணக்கை நீக்கணும்னு எல்லாருக்கும் பாடம் எடுக்கறவளே நீதானே!"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. படத்திலிருந்து அதை நீக்கினாள்.

படம் இரண்டாக உடைந்தது. இடது பக்கம் ஒரு கும்பல், வலது பக்கம் இன்னொன்று. நடுவே ஒரு கோடுகூட இல்லை.

இரண்டையும் சேர்த்திருந்தது அவள் காகம் மட்டும்தான். ஒரு பக்கம் வெறி, மறுபக்கம் துப்பாக்கி. ஒருவரையொருவர் அறியாத ஆட்கள். சந்தேகம் வரக்கூடாதென்று கேட்டவர்களையெல்லாம் நட்பில் சேர்த்தாள், இவர்கள் பதிவை அவர்களுக்குப் பகிர்ந்தாள். அவ்வளவுதான் செய்தாள், பாவி.

கருங்காகத்தின் பக்கத்தைத் திறந்தாள். கோடுகளை மென்பொருளே எண்ணிக் கொடுத்துவிடும். பகிர்ந்த பதிவுகளுக்குக் கீழே வந்த பேச்சை அவள் வாசித்ததே இல்லை.

"உன்னாலதான் சேர்ந்தோம், காகம்."

"எங்க சாமான் ரெடி."

"அகதிப் பசங்களோட நீச்சல் வகுப்பு. வியாழன், நாலு மணி."

இன்று வியாழன். வகுப்பு நடத்துவது அவள் மகள் தூவா.

மூன்று ஐம்பத்தெட்டு.

"போலீஸைக் கூப்பிடு! தூர்பியோர்ன், கூப்பிடுடா!"

மகளுக்கு ஃபோன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. "எடுடி, என் தங்கமே, எடு."

எடுத்தாள். பிள்ளைகளின் கூச்சல். விசில். தண்ணீர்.

"வகுப்பு நேரத்துல ஏம்மா? இரு... ஹலோ! பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வாங்க!"

"தூவா, ஓடு! பசங்களைக் கூட்டிட்டு ஓடு!"

"அம்மா..." குரல் சிறுத்தது. "நிறையப் பேர் வராங்கம்மா. யாருமே கழட்டல. கடைசி ஆள் கதவைச் சாத்தறான்."

விசில் நின்றது. கூச்சல் நின்றது. தண்ணீர் மட்டும் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. ஈரத் தரையில் பூட்ஸ்கள் நடந்தன. நிதானமாக. ஒவ்வோர் அடியும் அவள் காதுக்குக் கிட்டே வந்தது.